போக்கர்: எதிரில் இருப்பவரை இனம் காண்பதும் அவருக்கேற்ப ஆடுவதும்

டெக்சஸ் ஹோல்டம் என்னும் போக்கர் வகையின் விதிகளைக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். எந்தச் சீட்டு எதை வெல்லும், பிளைண்ட் (சீட்டைப் பார்க்குமுன் இருவர் கட்டாயம் போடும் தொகை) யார் போட வேண்டும், நடுவில் திறக்கும் பொதுச் சீட்டுகளான ஃபிளாப் (முதல் மூன்று), டர்ன் (நான்காவது), ரிவர் (ஐந்தாவது) எந்த வரிசையில் வரும் என்பதெல்லாம் விரைவில் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகும் பலர் மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருப்பதற்கு முக்கியக் காரணம், அவர்கள் எல்லாரிடமும் ஒரே மாதிரி ஆடுவதுதான். பெட்டைக் (பந்தயத் தொகையைக்) கண்டதும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடும் ஒருவரிடம் வேலை செய்யும் பிளஃப் (நல்ல சீட்டு இல்லாமலே பெட் செய்து மிரட்டுவது), எதற்கும் கவிழ்க்காதவரிடம் வெறும் செலவு. நல்ல ஜோடி கையில் இருக்கும்போது ஒருவரிடம் மூன்று முறை பெட் செய்யலாம். இன்னொருவர் அதே இடத்தில் ரெய்ஸ் செய்தால் (பெட்டை உயர்த்தினால்) அந்த ஜோடியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் முறையும், கண்டுபிடித்தபின் உங்கள் ஆட்டத்தில் எதை மாற்றுவது என்பதும்தான் இங்கே பேசப்போகும் விஷயம்.

கணக்குகளுக்கு ஒரு சாதாரண சிங்கப்பூர் வீட்டு மேசையை வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர், பிளைண்ட் 10 காசு, 20 காசு, ஆளுக்கு 20 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சிப். அதாவது ஒவ்வொருவரிடமும் பெரிய பிளைண்டைப் போல் 100 மடங்கு இருக்கிறது.

ஆடும் இடத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கும் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடும்பத்தினரும் நண்பர்களும் வீட்டில் நேரில் கூடி ஆடுவதற்கு விலக்கு அளிக்கிறது. அதை யாரும் தொழிலாக நடத்தக்கூடாது. ஆடி வென்ற பணத்தைத் தவிர வேறு வழியில் யாரும் லாபம் பார்க்கவும் கூடாது. வீட்டுக்காரர் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் (நடுவில் சேரும் மொத்தப் பந்தயப் பணத்திலிருந்தும்) 50 காசு ஒதுக்கிக்கொண்டால் அந்த விலக்கு போய்விடும். பிரியாணிக்கும் தண்ணீருக்கும் ஆன செலவைத் தனியாகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள், பாட்டில் கை வைக்காதீர்கள். அடுக்குமாடியின் கீழ்த்தளம் வீடு ஆகாது. கைப்பேசிச் செயலியில் நண்பர்களோடு பணம் வைத்து ஆடுவதும் இந்த விலக்கில் சேராது. சூதாட்டக்கூடத்துக்குப் போக 21 வயது ஆகியிருக்க வேண்டும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். நம் வீட்டு மேசையில் அந்தப் பணத்துக்கு ஏழு முறை முழுச் சிப் வாங்கலாம். கற்றுக்கொள்ளும் காலத்தில் அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை.

எதைக் கவனிப்பது

புதியவர்கள் எதிரில் இருப்பவரின் முகத்தையே உற்றுப் பார்க்கிறார்கள். கண் இமைப்பது, கை நடுங்குவது, தொண்டை கனைப்பது எல்லாம் அவர்களுக்கு ரகசியச் செய்திகளாகத் தெரிகின்றன. குளிரூட்டியின் குளிரிலும் கை நடுங்கும், இரண்டாவது கோப்பி குடித்தாலும் நடுங்கும். சிப் எப்போது உள்ளே போகிறது, எப்படிப் போகிறது என்பதில் அந்தக் குழப்பம் இல்லை. கவனிக்க வேண்டியவை இரண்டே. ஒருவர் எத்தனை கைகளில் (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) விரும்பி நுழைகிறார்? நுழையும்போது கால் செய்கிறாரா (முன்னால் போட்ட தொகைக்குச் சமமாக மட்டும் போடுகிறாரா), ரெய்ஸ் செய்கிறாரா?

கவனிக்க ஏற்ற நேரம் நீங்கள் சீட்டைக் கவிழ்த்த பிறகு வருவது. நன்றாக ஆடினால் எட்டுப் பேர் மேசையில் ஐந்தில் நான்கு கைகளை நீங்கள் ஆரம்பத்திலேயே விட்டுவிடுவீர்கள். அந்த நேரமெல்லாம் கைப்பேசிக்குப் போய்விட்டால், ஒரு மணி நேரத் தகவல் வீண். இப்படிச் செய்து பாருங்கள்:

1. உங்கள் இடப்பக்கம் இருக்கும் இருவரிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் உங்களுக்குப் பிறகு முடிவெடுப்பவர்கள் அவர்கள்தான், உங்களுக்கு அதிகத் தொல்லை கொடுக்கக்கூடியவர்களும் அவர்களே. எட்டுப் பேரையும் ஒரே நேரத்தில் கவனிக்க முயன்றால் ஒருவரும் மனத்தில் நிற்கமாட்டார்.

2. பட்டன் (சீட்டுப் போடுபவரின் இடத்தைக் காட்டும், ஒவ்வொரு கைக்கும் நகரும் வட்டு) மேசையை மூன்று முறை சுற்றி வரும்வரை, அதாவது 24 கைகள், எண்ணுங்கள். சீட்டை நாமே கலைத்துப் போடும் வீட்டு மேசையில் இதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணும் நம் பழைய பழக்கம் இங்கே நன்றாக உதவும். ஒரு கையில் 12 கணுக்கள். மேசைக்கு அடியில் வைத்து எண்ணினால் யாருக்கும் தெரியாது.

3. அவர் தாமாகப் பணம் போட்ட கைகளை மட்டும் எண்ணுங்கள். பெரிய பிளைண்டில் உட்கார்ந்து இலவசமாக ஃபிளாப் பார்த்ததைச் சேர்க்கக்கூடாது. இதைச் சேர்த்துவிட்டுக் கஞ்சத்தனமாக ஆடுபவரைத் தாராளமானவர் என்று நினைப்பவர்கள் பலர்.

4. நுழைந்த கைகளில் ஃபிளாப்புக்கு முன் எத்தனை முறை ரெய்ஸ் செய்தார் என்பதைத் தனியாக நினைவில் வையுங்கள்.

5. கடைசியில் சீட்டைத் திறந்து காட்டும்போது, வென்றவர் யார் என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்தார் என்று பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள்.

24 கைகளில் நான்கோ அதற்குக் குறைவோ நுழைந்தவர் இறுக்கமாக ஆடுகிறார். ஐந்திலிருந்து ஏழுவரை சாதாரணம். ஒன்பதைத் தாண்டினால் தளர்வு. பதினைந்தைத் தொட்டால் சீட்டைப் பார்த்துத்தான் ஆடுகிறாரா என்றே கேட்கலாம். நுழைந்ததில் பாதிக்கு மேல் ரெய்ஸ் என்றால் தாக்கி ஆடுபவர். ரெய்ஸ் அரிது, கால்தான் அதிகம் என்றால் அடங்கி ஆடுபவர்.

24 கைகள் சிறிய எண்ணிக்கைதான். சராசரியாக 17 கைகளுக்கு ஒரு முறைதான் ஜோடி கைக்கு வரும். இறுக்கமானவருக்கும் ஒரு மணி நேரம் தொடர்ந்து நல்ல சீட்டு வந்து, அவர் தளர்வானவர்போலத் தெரியலாம். இந்தப் பிழையைத் திருத்துவது ஐந்தாவது படிதான். நல்ல சீட்டைத் திறந்து காட்டினால் அதிலிருந்து பெரிதாக ஒன்றும் தெரியாது, நல்ல சீட்டை எல்லாருமே ஆடுவார்கள். ரெய்ஸுக்கு எதிராகக் கால் செய்து உள்ளே வந்தவர் வேறு வேறு இனத்தில் (ஹார்ட், ஸ்பேட் போன்றவை) ஒரு 9, ஒரு 4 என்று திறந்து காட்டினால், மணிக்கணக்கில் எண்ணியதைவிட அந்த ஒரு காட்சி அதிகம் சொல்லும்.

கால் செய்துகொண்டே இருப்பவர்

வீட்டு மேசைகளில் மிக அதிகமாகத் தென்படுபவர் இவர்தான். தளர்வும் அடக்கமும் சேர்ந்தவர். காலிங் ஸ்டேஷன் என்பார்கள். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டு விடுமுறைக்கும் கூடும் மேசையில், ஆட்டத்தைவிடப் பேச்சுக்காக வந்திருக்கும் மாமாவும் சித்தப்பாவும் பெரும்பாலும் இந்த வகை. 24 கைகளில் 12 கைக்குள் வருவார், ஒன்றிலோ இரண்டிலோதான் ரெய்ஸ் செய்வார். ஃபிளாப்பில் கீழ் ஜோடி (அங்குள்ள மிகச் சிறிய சீட்டோடு சேரும் ஜோடி) கிடைத்தால் ரிவர்வரை வருவார். ‘என்னதான் வைத்திருக்கிறாய் பார்ப்போம்’ என்ற ஆவல்தான் அவரை இழுத்துக்கொண்டு வருகிறது. நீண்டகாலத்தில் உங்கள் லாபத்தின் பெரும்பகுதி இவரிடமிருந்துதான் வரும். அதனால் இவரைப் பற்றி விரிவாகப் பார்க்கலாம்.

முதல் மாற்றம், பிளஃப் அடியோடு நிறுத்தம். பாட்டில் 6 வெள்ளி இருக்கிறது, கையில் ஒன்றுமில்லாமல் 3 வெள்ளி பெட் செய்கிறீர்கள் என்று வையுங்கள். பாதிப் பாட் அளவு பிளஃப் நட்டமில்லாமல் இருக்க, எதிராளி மூன்றில் ஒரு முறையாவது கவிழ்க்க வேண்டும். இவர் ஐந்தில் ஒரு முறைதான் கவிழ்க்கிறார் என்றால் கணக்கு இப்படிப் போகும்: ஐந்து முயற்சியில் ஒரு முறை 6 வெள்ளி வரவு, நான்கு முறை 3 வெள்ளி வீதம் 12 வெள்ளி செலவு. ஒரு பிளஃபுக்குச் சராசரியாக 1.20 வெள்ளி உங்கள் பையிலிருந்து போகிறது. எவ்வளவு அழகான பிளஃப் என்பது இங்கே பொருட்டே இல்லை. அவர் உங்கள் கதையைக் கேட்பதில்லை, தன் சீட்டைத்தான் பார்க்கிறார்.

இரண்டாவது மாற்றம், நல்ல சீட்டுக்குப் பெரிய பெட். ஓர் எடுத்துக்காட்டு. உங்களிடம் ஏஸ், குயின். ஒருவர் 20 காசுக்குக் கால் செய்து வந்திருக்கிறார், நீங்கள் 1 வெள்ளிக்கு ரெய்ஸ் செய்கிறீர்கள். நம் ஸ்டேஷன் கால் செய்கிறார், மற்ற எல்லாரும் விலகுகிறார்கள். பாட்டில் 2.50 வெள்ளி. ஃபிளாப் குயின், 8, 3. இங்கே 1.80 பெட் செய்யுங்கள், கால் வரும், பாட் 6.10. டர்னில் 5. இப்போது 4.50 பெட், மறுபடியும் கால், பாட் 15.10. ரிவரில் 2 விழுந்தால் 9 வெள்ளி. ஃபிளாப்புக்குப் பிறகு அவரிடமிருந்து மொத்தம் 15.30 வெள்ளி உள்ளே வந்திருக்கிறது. அதே கையைப் பயந்து பயந்து பாதிப் பாட் அளவில் ஆடியிருந்தால் 1.25, 2.50, 5 என்று 8.75 வெள்ளிதான் வந்திருக்கும். 8 ஜோடியோடு இருப்பவர் இரண்டு விலைக்கும் கால் செய்யத்தான் போகிறார். அந்த 6.55 வெள்ளியை ஏன் விட வேண்டும்?

பெரிய பெட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. இவர் ஒரே இனத்தில் நான்கு சீட்டு சேர்ந்து ஐந்தாவதுக்குக் காத்திருந்தால், டர்னுக்குப் பிறகு அது விழும் வாய்ப்பு 46-இல் 9, அதாவது ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. 6.10 பாட்டில் 4.50 பெட்டுக்குக் கால் செய்ய அவருக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு வாய்ப்பு வேண்டும். தவறான விலைக்கு வாங்குகிறார். நீங்கள் 1.20 மட்டும் பெட் செய்தால் 14 விழுக்காடு போதும். அப்போது அவர் செய்யும் கால் சரியானதாகிவிடுகிறது, அப்படி ஆக்கியவர் நீங்கள்தான்.

பெரிய கையை ஒளித்து வைத்து மெதுவாக ஆடும் உத்தி இவரிடம் தேவையில்லை. மூன்று ஒரே எண் கிடைத்தாலும் உடனே பெட் செய்யுங்கள். நீங்கள் இனம் சேரக் காத்திருக்கும்போது மட்டும் நேர்மாறாக ஆட வேண்டும்: பெட் செய்து விரட்டப் பார்க்காதீர்கள், குறைந்த விலையில் அடுத்த சீட்டைப் பாருங்கள். சேர்ந்துவிட்டால் அவர் எப்படியும் பணம் கொடுப்பார்.

இவரிடம் புதியவர்கள் இழக்கும் பெரிய தொகை எல்லாம் ஒரே இடத்தில்தான் போகிறது. இரண்டு மணி நேரம் கால் மட்டுமே செய்தவர், டர்னிலோ ரிவரிலோ திடீரென்று ரெய்ஸ் செய்கிறார். ‘இவர் எதையும் வைத்து ஆடுபவர்தானே’ என்று ஒற்றை ஜோடியோடு கால் செய்துவிடுகிறார்கள். அவர் எதையும் வைத்து *கால்* செய்பவர். ரெய்ஸ் செய்வது வேறு. அந்த ரெய்ஸ் வந்தால் இரண்டு ஜோடிக்குக் குறையாது. ஏஸ், குயினை மனமில்லாவிட்டாலும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று நாகரிகத்துக்கும் சேர்த்து. 7-3 வைத்துக் கால் செய்து ரிவரில் உங்களை வென்றவரிடம், “அதுக்கெல்லாம் எப்படி மாமா கால் பண்ணுனீங்க?” என்று கேட்காதீர்கள். அவர் மனம் நோகும், அது முதல் காரணம். அவர் யோசிக்கத் தொடங்கி அடுத்த கையிலிருந்து சரியாக ஆடுவார், அது இரண்டாவது. “நல்லா ஆடுனீங்க மாமா” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுங்கள்.

பூட்டிவைத்தவர்

இறுக்கமும் அடக்கமும் சேர்ந்தவரை நிட் என்பார்கள். 24 கைகளில் இரண்டு, மூன்றில் மட்டும் வருவார். வந்தால் ஜோடியோ பெரிய சீட்டோ நிச்சயம். மற்ற நேரமெல்லாம் பொறுமையாகக் கச்சான் கொறித்துக்கொண்டிருப்பார். இவரிடம் பெரிய பாட் வெல்வது கடினம், சின்னச் சின்னதாக எடுக்க வேண்டும்.

இவர் பெரிய பிளைண்டில் இருக்கும்போது, பட்டனிலோ அதற்கு முந்தைய இருக்கையிலோ நீங்கள் இருந்து, முன்னால் எல்லாரும் கவிழ்த்துவிட்டால் 50 காசுக்கு ரெய்ஸ் செய்யுங்கள். 30 காசு வெல்ல 50 காசைப் பணயம் வைக்கிறீர்கள். எட்டில் ஐந்து முறை வெற்றி பெற்றால் சமன். இரு பிளைண்டிலும் 100-க்கு 85 முறை கவிழ்ப்பவர்கள் இருந்தால் இருவரும் சேர்ந்து விலகும் வாய்ப்பு 72 விழுக்காடு. உங்கள் கையில் என்ன சீட்டு என்பதே பெரிதாகத் தேவைப்படாது. அவர் கால் செய்தாலோ ரெய்ஸ் செய்தாலோ அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது முறையும் முட்டிப் பார்ப்பதில்தான் 50 காசு திருட்டு 10 வெள்ளி நட்டமாகிறது.

இவர் முன்வரிசை இருக்கையிலிருந்து (முதலில் முடிவெடுக்க வேண்டிய இடத்திலிருந்து) ரெய்ஸ் செய்தால் ஏஸ்-ஜாக், கிங்-குயின் போன்ற பார்வைக்கு அழகான சீட்டுகளைக் கவிழ்த்துவிடுங்கள். உங்களிடம் ஜாக் ஜோடி இருந்து, நீங்கள் ரெய்ஸ் செய்தபின் அவர் மறு ரெய்ஸ் செய்தால்? அவரிடம் ஏஸ், கிங், குயின் ஜோடிகள் வரும் வழிகள் ஒவ்வொன்றும் 6, மொத்தம் 18. ஏஸ்-கிங் வரும் வழிகள் 16. பதினெட்டில் நீங்கள் ஐந்துக்கு ஒரு முறைதான் வெல்வீர்கள், மற்றப் பதினாறில் பாதிக்குச் சற்று மேல். எல்லாச் சிப்பையும் தள்ள அது போதாது. ஏஸ்-கிங்கோடு மறு ரெய்ஸ் செய்யாமல் கால் மட்டும் செய்யும் நிட்களும் உண்டு. அப்படிப்பட்டவர் என்றால் நிலைமை இன்னும் மோசம்.

சின்ன ஜோடி, அதாவது 2 முதல் 7 வரை, இவருக்கு எதிராக நல்ல ஆயுதம். ஃபிளாப்பில் அதே எண்ணில் மூன்றாவது சீட்டு விழும் வாய்ப்பு ஏறக்குறைய எட்டரையில் ஒன்று. எனவே அவர் ரெய்ஸ் செய்த தொகையைப் போல் 15 முதல் 20 மடங்காவது இருவரிடமும் மிச்சம் இருந்தால் கால் செய்யுங்கள். விழாவிட்டால் ஒரு காசுகூடக் கூடுதலாகப் போடாதீர்கள். ஏஸ் ஜோடிக்காக மணிக்கணக்கில் காத்திருந்தவர் அதை எளிதில் விடமாட்டார்.

விடாமல் தாக்குபவர்கள்

இவர்களில் இரண்டு பேரைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. மேனியாக் என்று சொல்லப்படுபவர் எந்தச் சீட்டோடும், எந்த இருக்கையிலிருந்தும் ரெய்ஸ் செய்வார். யாராவது திருப்பி அடித்தால் இன்னும் ஏற்றுவார். தளர்வாகவும் தாக்கியும் ஆடும் தேர்ந்த ஆட்டக்காரரும் முதல் அரை மணி நேரம் அப்படியே தெரிவார். வித்தியாசம் இரண்டு இடத்தில் வெளிப்படும். தேர்ந்தவர் பட்டனுக்கு அருகில் அதிகமாகவும், முன்வரிசையில் குறைவாகவும் ரெய்ஸ் செய்வார். மேனியாக்குக்கு இருக்கை ஒரு பொருட்டல்ல. தேர்ந்தவர் எதிர்ப்பு வந்தால் பெரும்பாலும் விலகத் தெரிந்தவர். மேனியாக் விலகமாட்டார்.

மேனியாக்கிடம் பிளஃப் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். அவரையே பெட் செய்ய விடுங்கள். மேல் ஜோடியும் பக்கத்தில் நல்ல சீட்டும் இருந்தால் செக் செய்து (பெட் செய்யாமல் முறையைக் கடத்தி), கால் செய்து, ரிவர்வரை போகலாம். ரிவரில் 6 வெள்ளிப் பாட்டில் அவர் 6 வெள்ளி பெட் செய்தால் மூன்றில் ஒரு முறை நீங்கள் வென்றாலே சமன். பாதிக்கு மேல் வெறுங்கையோடு பெட் செய்பவரிடம் இது நல்ல வியாபாரம். ஃபிளாப்புக்கு முன், 9 ஜோடியிலிருந்து மேலே, ஏஸ்-ஜாக்கிலிருந்து மேலே உள்ள சீட்டுகளோடு மறு ரெய்ஸ் செய்து, நடுவில் வேறு யாரும் நுழையாமல் அவரைத் தனியாகப் பிடியுங்கள். நான்கு பேர் சேர்ந்து ஃபிளாப் பார்த்தால் உங்கள் 9 ஜோடிக்கு மதிப்பு குறைந்துவிடும்.

இவருக்கும் ஏஸ் ஜோடி மற்றவர்களைப் போலவே 221 கைகளுக்கு ஒரு முறை வரத்தான் செய்யும். அன்று நீங்கள் தோற்பீர்கள். முறை சரியாக இருந்தும் ஒரே மாலையில் இரண்டு முறை முழுச் சிப்பும் போகலாம். இவர் இருக்கும் மேசைக்கு 60 வெள்ளி இழக்கத் தயாராக வராதவர் உட்காராமல் இருப்பது நல்லது. பாதிப் பணத்தோடு பயந்து ஆடினால் சரியான இடத்தில் கால் செய்யக் கை வராது.

இருக்கையும் முக்கியம். தாக்குபவர் உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். அவர் என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுக்கலாம். நிட் இடப்பக்கம் இருந்தால் உங்கள் ரெய்ஸுக்குத் தொல்லை இருக்காது. சாப்பாட்டு இடைவேளை முடிந்து எல்லாரும் மறுபடி உட்காரும்போது இடம் மாறுவதை யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

தேர்ந்தவர்களிடம், அவர்கள் இறுக்கமாக ஆடினாலும் தளர்வாக ஆடினாலும், புதியவர் செய்ய வேண்டியது குறைவு. ஒதுங்கிப் போங்கள். இறுக்கமாகத் தாக்கி ஆடுபவர் 24 கைகளில் ஐந்து, ஆறில் வருவார், பெரும்பாலும் ரெய்ஸோடு வருவார், சீட்டைத் திறந்தால் அது அந்த ரெய்ஸுக்குப் பொருத்தமாக இருக்கும். அவருக்குப் பிறகு முடிவெடுக்கும் இடத்தில் நல்ல சீட்டு இருந்தால் மட்டும் மோதுங்கள். ஜோடியில்லாத இரண்டு சீட்டு ஃபிளாப்பில் ஜோடி சேர்வது மூன்றில் ஒரு முறைதான், ஆனாலும் அவர் ஃபிளாப்பில் பெட் செய்வார். நடு ஜோடி இருந்தால் அந்த ஒரு பெட்டுக்குக் கால் செய்து, டர்னில் அவர் செக் செய்தால் நீங்கள் பெட் செய்து பாருங்கள். டர்னிலும் பெட் வந்தால் விட்டுவிடுங்கள். மேசையில் மாமாக்கள் மூன்று பேர் இருக்கும்போது இவரிடம் வீரம் காட்டத் தேவையில்லை.

ஆள் மாறும் நேரங்கள்

ஒருவருக்கு ஒட்டிய பெயர் மாலை முழுவதும் ஒட்டியே இருக்காது. பெரிய பாட்டைத் துரதிர்ஷ்டத்தால் இழந்தவரை அடுத்த பத்துக் கைகளுக்குக் கவனியுங்கள். இறுக்கமானவர் திடீரென்று எல்லாக் கைகளிலும் வந்தால், சிப்பை வழக்கத்தைவிட ஓங்கி வைத்தால், கலைப்பதற்கு முன்பே அடுத்த சீட்டைக் கேட்டால், அவர் இப்போது வேறு வகை. அவரிடம் பிளஃபை நிறுத்தி, நடுத்தரச் சீட்டோடும் கால் செய்யத் தொடங்குங்கள். வேறு சிலர் தோற்றதும் சுருங்கி நிட் ஆகிவிடுவார்கள். எந்தப் பக்கம் மாறுவார் என்பதை ஒரு முறை பார்த்துவிட்டால் அடுத்த முறைக்கும் உதவும். கடைசி எம்ஆர்டி ரயில் நேரம் நெருங்கும்போதும் ஆட்டம் மாறும்: தோற்றுக்கொண்டிருப்பவர் மீட்கப் பார்ப்பார், வென்றுகொண்டிருப்பவர் பூட்டிவைப்பார்.

இதே மாற்றம் உங்களுக்குள்ளும் நடக்கும், அதைக் கண்டுகொள்வது எல்லாவற்றையும்விடக் கடினம். இழந்ததை இன்றே மீட்க வேண்டும் என்ற எண்ணம் வந்த கணமே எழுந்து போய்விடுங்கள். வீட்டுச் செலவுக்கான பணத்தைத் தொடும் நிலை, கடன் வாங்கி ஆடும் நிலை உங்களுக்கோ உடன் ஆடுபவருக்கோ வந்தால், சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தின் உதவி எண் 1800-6-668-668.

உறவினர்கள் சேர்ந்து ஆடும் மேசையில் இன்னொரு சிக்கல் உண்டு. கணவனும் மனைவியும், அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் தாக்காமல் செக் செய்தே கையை முடித்துக்கொள்வார்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் அதே கையில் மூன்றாவதாக இருப்பவருக்கு அது அநியாயம். ஆட்டம் தொடங்குமுன்பே இதைப் பேசிவிடுங்கள். சீன, மலாய் நண்பர்களும் இருக்கும் மேசையில் கை நடக்கும்போது சீட்டைப் பற்றித் தமிழில் பேசக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மற்றவர்கள் உங்களையும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் கவிழ்த்தபின் நீங்கள் செய்யும் ரெய்ஸுக்குக் கவனிக்கும் ஆட்டக்காரர்கள் மரியாதை கொடுப்பார்கள். முதல் பிளஃபுக்கு அதுதான் நேரம். அந்த மரியாதையைக் கவனிக்காத ஸ்டேஷனிடம் மட்டும் செலவழிக்காதீர்கள்.

வீடு திரும்பும் வழியில், ரயிலில் உட்கார்ந்தபடி, ஆளுக்கு இரண்டு வரி எழுதி வையுங்கள். ‘நல்லவர்’, ‘மோசமாக ஆடுகிறார்’ போன்ற குறிப்புகளால் பயன் இல்லை. எந்தச் சீட்டோடு, எந்த இருக்கையில், என்ன செய்தார் என்பது மட்டும் இருக்கட்டும்: “சித்தப்பா: 8 ஜோடியோடு மூன்று பெட்டுக்கும் கால். ரிவரில் ஒரே ஒரு முறை ரெய்ஸ், திறந்தபோது ஐந்தும் ஒரே இனம்.” “கண்ணாடி போட்டவர்: பட்டனில் மட்டும் அடிக்கடி ரெய்ஸ். மறு ரெய்ஸ் வந்ததும் இரண்டு முறை கவிழ்த்தார்.” “வீட்டுக்காரர்: பெரிய பாட் தோற்றபின் ஏழு கை தொடர்ந்து உள்ளே வந்தார், பிறகு அடங்கிவிட்டார்.” அடுத்த கூடுகைக்குக் கிளம்புமுன் ஒரு முறை படித்துவிட்டால், 24 கை எண்ணிக்கையை இவர்களிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அந்த ஒரு மணி நேரத்தைப் புதிதாக வந்தவரிடம் செலவிடலாம்.